பதினேழாம் நம்பர் வீட்டை எடுத்துவிட்டது பற்றி

ஆமத்தூர்,
19.8.2007, ஞாயிற்றுக்கிழமை.

கண்ணியத்திற்குரிய மாமா அசன் முகம்மது அவர்களுக்கு, தங்கள் அக்கா மகள் அப்ரின் ஸலாத்துடன் எழுதிக்கொள்வது.

இங்கே அம்மாவுக்கும் எனக்கும் உடம்பில் ஒரு குறையும் இல்லை. மனசு எப்படி என்பதைத் தொடக்கத்திலேயே எழுதினால் படிக்கிறவர் பயந்துவிடுவார் என்று அம்மா சொன்னதால் அதைக் கீழே போகப் போக எழுதுகிறேன். அங்கே மாமியின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்றும் பிள்ளைகள் ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போகிறார்கள் என்றும் நம்புகிறேன். இந்தத் தாளின் வலது மூலை கிழிந்திருப்பதைப் பார்த்துப் பதற வேண்டாம். இது சாவுச் செய்தி இல்லை, நம் குடும்பத்தில் யாரும் மவுத்தாகவில்லை. கிழித்தது நான்தான். காரணம் பின்னால் வருகிறது. அதுவரை மாமி கண்ணில் இந்த மூலை படாமல் விரலால் மறைத்துக்கொண்டு படிக்கவும்.

போனில் சொல்ல வேண்டியதை ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். தினமும் காலை பத்து மணிக்கு நீங்கள் கூப்பிடும்போது நான் பேசுவது மூன்றே வார்த்தை. "ம்", "சரி மாமா", "இல்ல மாமா". என் மருமகள் ஒரு வார்த்தைகூட வீணாக்க மாட்டாள் என்று நீங்கள் அங்கே எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வதாக மாமி சொன்னார்கள். அது பெருமை இல்லை மாமா. போனைக் காதில் வைத்ததும் சொல்ல வந்த பேச்செல்லாம், அடுப்பில் மறந்துபோன மைதாப் பசை மாதிரி இறுகிவிடுகிறது. ஒன்பதாம் வகுப்பில் என்னைக் காலைக் கூட்டத்தில் செய்தி வாசிக்கச் சொன்னார்கள். மைக் முன்னால் ஐந்து நிமிடம் நின்றேன். பள்ளிக்கூடம் முழுவதும் காற்றுச் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு நின்றது. பிறகு இறங்கி வீட்டுக்கு வந்தேன், மறுநாளிலிருந்து போகவில்லை. மூன்று வருடமாக யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அப்படிப்பட்ட என்னைத்தான் நீங்கள், அறுபத்தோரு வீட்டுக்கு மேனேஜர் ஆக்கியிருக்கிறீர்கள்.

நம் கம்பெனியை 'ஆபீஸே இல்லாத கம்பெனி' என்று நீங்கள் சொல்வீர்கள். அது உண்மைதான். முதலாளியான நீங்கள் சென்னை மண்ணடியில் இருக்கிறீர்கள், அச்சாபீஸ் சிவகாசியில் இருக்கிறது, கல்யாணக் கார்டு மடித்து உறை ஒட்டி நூறு நூறாகக் கட்டுகிற பெண்கள் ஆமத்தூரிலும் எம். புதுப்பட்டியிலும் வெம்பக்கோட்டையிலும் அவரவர் வீட்டில் இருக்கிறார்கள், நடுவில் மொக்கைச்சாமி அண்ணன் வேன் ஓட்டுகிறார். போன வருடம் ஒன்பது வீடாக இருந்தது இப்போது அறுபத்தொன்று. ஒரு வீட்டையும் நீங்கள் பார்த்ததில்லை. பெயர் நினைவில் நிற்கவில்லை என்று நம்பர் போட்டீர்கள். நம் வீடு ஒன்றாம் நம்பர். நான் பேசப் பயந்துகொண்டு மிஸ்டு கால் முறையைக் கொண்டுவந்தேன். ஒரு மிஸ்டு கால் என்றால் லோடு முடிந்தது, வேன் அனுப்பு. இரண்டு என்றால் மைதா தீர்ந்தது. மூன்று என்றால் ஏதோ சிக்கல், நேரில் வா. யாரும் யாருடனும் பேசாமலே அறுபத்தோரு வீட்டிலும் வேலை நடந்ததைப் பார்த்து, 'இந்தக் காலத்துல இதுதாம்மா நிர்வாகம்' என்று மெச்சினீர்கள். அப்போதே நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்வதற்கு வாய் வேண்டும்.

பிறகு நீங்கள் அங்கே ஓர் ஓட்டலில் நடந்த இரண்டு நாள் நிர்வாக வகுப்புக்குப் போய்விட்டு வந்து, 'ஆட்களை நடத்தும் பன்னிரண்டு வழிகள்' என்று உங்கள் கையெழுத்தில் எழுதி ஜெராக்ஸ் எடுத்துக் கொரியரில் அனுப்பினீர்கள். அதை நான் மனப்பாடம் செய்தேன். நம் துன்பம் எல்லாம் அங்கேதான் தொடங்குகிறது. முதல் வழி, மேனேஜர் ஒவ்வொரு வேலையாளுடனும் தனித்தனியே உட்கார்ந்து பதினைந்து நிமிடம் பேச வேண்டும். நான் புதுப்பட்டியில் ஐந்தாம் நம்பர் எழில் அக்கா வீட்டுக்குப் போய், அவர் எதிரில் உட்கார்ந்து, தரையைப் பார்த்தேன். அக்கா தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டு மறுபடி தரையைப் பார்த்தேன். நாலு நிமிடம்தான் ஆகியிருக்கும், அக்காவுக்கு வியர்த்துவிட்டது. "என்ன தாயி, யாரும் எதுவும் சொன்னாகளா?" என்றார். நான் காலி டம்ளரைத் தரையில் வைத்தேன். "சரி, ஒளிச்சு என்ன ஆகப்போகுது, பசை காய்ச்ச நீங்க குடுத்த மைதாவுல ரெண்டு தடவ புரோட்டா போட்டுட்டோம். புள்ளைக கேட்டுச்சுக. அதுக்குப் பெறவு தொடல, சத்தியமா" என்று அழுதுவிட்டார். நான் எழுந்து வந்துவிட்டேன். அடுத்த வீட்டிலும் இப்படியே. அந்த அக்கா பாதி லோடை நாத்தனார் வீட்டுக்குத் தள்ளிவிடுவதை ஏழாவது நிமிடத்தில் ஒத்துக்கொண்டார். ஒரு வாரத்தில் ஊர் முழுக்கப் பேச்சாகிவிட்டது. "அந்தப் புள்ள வாயத் தொறக்காது, ஆனா வயித்துக்குள்ள கெடக்குறத எல்லாம் உருவிரும்" என்று. நான் வருவதைத் தூரத்தில் பார்த்தாலே கதவைச் சாத்தினார்கள். நீங்கள் மட்டும் போனில், 'எப்படிம்மா இவ்வளவு விஷயம் கறந்த?' என்று சந்தோஷப்பட்டீர்கள். நான், "ம்" என்றேன்.

நாலாவது வழி, திட்டுவதைத் தனியே திட்டு, பாராட்டுவதை நாலு பேர் பார்க்கப் பாராட்டு. மாதம் ஒருவரைச் சிறந்த பணியாளராகத் தேர்ந்தெடுத்து அவர் படத்தைச் சட்டம் போட்டு மாட்டச் சொல்லியிருந்தீர்கள். உண்மையைச் சொன்னவர் என்பதற்காக நான் எழில் அக்காவைத் தேர்ந்தெடுத்தேன். ஆபீஸ் இல்லாத கம்பெனிக்குச் சுவரும் இல்லை என்பதால், புதுப்பட்டியில் லோடு இறக்கும் நல்லசிவம் அண்ணாச்சி டீக்கடையில் படத்தை மாட்டச் சொல்லி மொக்கைச்சாமி அண்ணனிடம் சீட்டு எழுதிக் கொடுத்தனுப்பினேன். நேரில் போயிருந்தால் என்ன செய்யக் கூடாது என்று சொல்லியிருப்பேனோ என்னவோ. நல்லசிவம் அண்ணாச்சி நல்ல மனிதர். வெறும் படமாக மாட்ட அவருக்கு மனசு வரவில்லை. ஒரு முழம் பூ வாங்கிச் சாத்தி, நெற்றியில் சந்தனப் பொட்டு வைத்து, கீழே ஒரு சிவப்பு பல்பையும் எரியவிட்டிருக்கிறார். மறுநாள் காலை, எழில் அக்காவின் அண்ணன் காசிராஜன் தங்கையைப் பார்க்க வெம்பக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கி, ஒரு டீ குடித்துவிட்டுப் போகலாம் என்று கடைக்குள் தலையை நீட்டியிருக்கிறார். அப்புறம் நடந்ததை மொக்கைச்சாமி அண்ணன் நடித்தே காட்டினார்.

"ஏ எளிலு... போயிட்டியாத்தா! கூடப் பொறந்தவனுக்கு ஒரு வார்த்த சொல்லி விடலையே, பாவிக!"

"அண்ணாச்சி, அளாதீக, நல்ல விசயந்தான்" என்று நல்லசிவம் அண்ணாச்சி டீ ஆற்றிக்கொண்டே சொல்லியிருக்கிறார்.

"என்னது? ஏலே, எந் தங்கச்சி போனது ஒனக்கு நல்ல விசயமாலே?"

அவர் சட்டையை இவர் பிடித்து, பாய்லர் சாய்ந்து, ஆட்கள் ஓடி வந்து பிரித்துக்கொண்டிருந்த நேரத்தில், இடுப்பில் கார்டுக் கட்டோடு எழில் அக்காவே வந்து நின்று, "என்னண்ணே, எப்ப வந்தீக, சாப்பிட்டீகளா?" என்று கேட்டிருக்கிறார். காசிராஜன் அப்படியே பெஞ்சில் சரிந்துவிட்டார். சோடா உடைத்து முகத்தில் அடித்தார்கள். அவரை எழுப்பிய பிறகுதான் அக்கா நிமிர்ந்து சுவரைப் பார்த்தார். "எவம்லே எனக்கு மால போட்டது?" என்று அவர் கேட்ட குரல் பஸ்ஸுக்குள் இருந்தவர்களுக்கும் கேட்டதாம். அதற்குப் பிறகு ஒரு வாரம் ஐந்தாம் நம்பர் வீட்டில் கார்டு மடிக்கவில்லை. பூசணிக்காய் உடைத்த பிறகுதான் கட்டைப் பிரித்தார்கள். மறு மாதம் சிறந்த பணியாளர் யார் என்று நான் கேட்டு அனுப்பியதற்கு, அறுபது வீட்டிலிருந்தும் தங்களைவிட மோசமான வேலைக்காரர் உலகத்திலேயே கிடையாது என்று பதில் வந்தது.

இவ்வளவும் சிரித்துவிட்டுப் போகக்கூடியது. இனி எழுதப்போவது அப்படி இல்லை. ஆடி மாதத் தொடக்கத்தில் நீங்கள் கூப்பிட்டு, ஒரு பெரிய ஆர்டர் பிடித்திருப்பதாகச் சொன்னீர்கள். "கல்யாணத்துக்குத்தாம்மா சீசன். மவுத்துக்கு ஏது சீசன்? வருசம் பூராவும் ஓடும். கறுப்பு பார்டர் போட்ட கருமாதிக் கார்டு. பேரு எடத்தைக் காலியா விட்டு அடிச்சுக் கடைகளுக்கு அனுப்பணும், வேண்டியவன் எழுதிக்குவான். நாப்பதாயிரம் கார்டு. பிரிச்சு வீடுகளுக்குப் போட்டுரு" என்றீர்கள். உங்கள் ஏழாவது வழி, கேள்வி கேட்கிற வேலையாளே கம்பெனியின் சொத்து. எனக்குக் கேள்வி வந்தது மாமா. நம்மிடம் கார்டு மடிக்கிறவர்கள் கருமாதிக் கடிதத்தை வீட்டுக்குள்ளேயே வைக்க மாட்டார்களே, வாசலில் நின்று படித்துவிட்டு அங்கேயே கிழித்துப் போடுவார்களே, அவர்கள் வீட்டுக்குள் நாலாயிரம் ஐயாயிரம் என்று எப்படிக் கொண்டுபோய் இறக்குவது என்று. நாக்கு நுனிவரை வந்தது. "சரி மாமா" என்றேன். வாழ்க்கையில் நான் சொன்ன சரிகளிலேயே பெரிய தப்பு அதுதான். வீடுகளுக்காவது முன்கூட்டிச் சொல்லியிருக்கலாம். அதற்கும் எட்டுப் பத்து வீட்டுக்குப் பேச வேண்டுமே என்று, பேசாமல் கட்டைக் கட்டி அனுப்பிவிட்டேன்.

ஆகஸ்ட் ஏழாம் தேதி லோடு போனது. ஆடி மாசம், அதிலும் செவ்வாய்க்கிழமை. வெம்பக்கோட்டையில் கட்டைப் பிரித்த பெண்கள் கையை உதறிக்கொண்டு வெளியே ஓடிவந்திருக்கிறார்கள். பிறகு எல்லோரும் கூடிப் பேசி, வீட்டுக்குள் வைத்துச் செய்ய மாட்டோம், வேலையை விடவும் மாட்டோம் என்று முடிவெடுத்து, தெருக்கடைசி வேப்பமரத்தடியில் வைத்து மடித்திருக்கிறார்கள். ஆடிக் காற்று சும்மா இருக்குமா? கார்டுகளை அள்ளிக்கொண்டு போய்த் தெரு முழுக்கப் போட்டது. அதில் ஒன்று, புது மாப்பிள்ளைக்கு ஆடி விருந்து வைத்திருந்த வீட்டில், சரியாக மாப்பிள்ளை இலையில், அப்பளத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. 'திரு' என்று அடித்து, பெயருக்கு இடம் விட்டிருந்த கார்டு. அந்த மாப்பிள்ளை சாப்பிடாமல் அந்தக் காலி இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாராம். பாயசம் ஊற்றவே இல்லையாம், அதற்குள் ஊருக்குக் கிளம்பிவிட்டாராம். அந்த வீட்டார் இன்னும் என் மேல் கோபமாக இருக்கிறார்கள். நியாயம்தான்.

அதே நாள் பதினொன்று பத்துக்கு என் போனில் மிஸ்டு கால் வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. பதினேழாம் நம்பர், புதுப்பட்டி அய்யம்மாள் அக்கா. நான் மூன்று வரைதான் அர்த்தம் வைத்திருந்தேன். நாலுக்கு என்ன அர்த்தம் என்று தெரியவில்லை. ஒன்றும் மூன்றுமா, இரண்டும் இரண்டுமா, மைதா இரண்டு மடங்கு தீர்ந்துவிட்டதா என்று கூட்டிக் கழித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுபடி நாலு. அம்மா அடுப்படியிலிருந்து, "ஏ புள்ள, அது கெடந்து துடிக்குதுல்ல, எடுத்து என்னன்னு ஒரு வார்த்த கேளேன்" என்றார்கள். கேட்டிருக்கலாம். ஒரே ஒரு பட்டனை அழுத்தினால் போதும். நான் போனை அரிசி டிரம்முக்குள் வைத்து மூடினேன். அரிசிக்குள்ளிருந்தும் நாலு முறை அடித்தது. அதற்குப் பிறகு அடிக்கவில்லை. நான் நிம்மதியாக மூச்சு விட்டேன், மாமா. அதை எழுதும்போது இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

மீதிக் கதை உங்களுக்குத் தெரியும். போன வியாழக்கிழமை அந்த ஆர்டர் பார்ட்டி நாலாயிரம் கார்டைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒவ்வொரு கார்டிலும் வலது மூலையில் நெல்முனை அளவு கிள்ளியிருந்தது. எலியா என்று பார்த்தால் எலி இவ்வளவு வரிசையாகக் கடிக்காது. எல்லாம் பதினேழாம் நம்பர் கட்டு. நீங்கள் முதல்முறையாக என்னிடம் சத்தம் போட்டீர்கள். "பதினேழாம் நம்பரை எடுத்துரு. நாளைக்கே எடுத்துரு. ஒரு அழுகல் போதும் கூடையைக் கெடுக்க" என்றீர்கள். நான், "சரி மாமா" என்றேன். பன்னிரண்டாவது வழி, ஒருவரை வேலையை விட்டு நீக்குவதாக இருந்தால் போனில் சொல்லாதே, நேரில் போய்ச் சொல். ஆகவே வெள்ளிக்கிழமை மொக்கைச்சாமி அண்ணன் வேனில் ஏறி எம். புதுப்பட்டி போனேன். வழி முழுக்க, 'அக்கா, உங்களுக்கு இனி லோடு கிடையாது' என்ற ஒரே வரியைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். வேன் சத்தத்தில் நன்றாகவே வந்தது.

அய்யம்மாள் அக்கா வீடு ஒற்றை அறை. ஒரு ஆணியில் மகன் சங்கிலிமுத்துவின் சட்டை தொங்கியது. எதிர்ச் சுவரில் அவர் கணவர் படம். அது நிஜமாகவே மாலை போட வேண்டிய படம். நான் உட்கார்ந்து தரையைப் பார்த்தேன். அக்கா எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"நீ பேச மாட்டேன்னு எல்லாரும் சொன்னாக. சரி, நானே சொல்லுதேன். நான் படிக்காதவதான் தாயி, ஆனா கறுப்பு பார்டர் தெரியாதா? எங்க வீட்டுக்காரருக்கு அடிச்சப்பப் பாத்தது. அவரும் பட்டாசு ஆபீசுல மருந்து கலக்குற ரூமுதான், இப்ப எம் மகனும் அதே ரூமுதான். அன்னைக்குக் கட்ட வாங்கும்போது கல்யாணக் கார்டுன்னு நெனச்சு உள்ள கொண்டாந்து, அந்தா, அவஞ் சட்டைக்குக் கீளயே வச்சுட்டேன். பதினோரு மணிக்குப் பிரிச்சுப் பாத்தா கண்ணு இருட்டிருச்சு. ரூமுக்குள்ள போனு கொண்டுபோகக் கூடாதுன்னு அவன் போன வீட்டுலதான் வச்சுட்டுப் போவான். அதுல பேசக் காசு இல்ல, மிஸ்டு காலுக்குத்தான் இருந்துச்சு. மூணு அடிச்சா நேருல வான்னு அர்த்தம். நீ நாலு நாள் கழிச்சு வருவ. அன்னைக்கே வந்து கட்ட எடுத்துட்டுப் போகணும்னா அதவிடப் பெருசா ஒண்ணு வேணும்ல? அதான் நாலு அடிச்சேன்."

எவ்வளவு சரியான கணக்கு பாருங்கள் மாமா. அது அறுபத்தோரு வீட்டில் ஒருவருக்குத் தோன்றியது, மேனேஜருக்குத் தோன்றவில்லை.

"நீ எடுக்கல. சரி, வேலையா இருக்கும்னு நெனச்சேன். ரெண்டு மணிக்கு டமார்னு ஒரு சத்தம். ஊரே வெளிய வந்துருச்சு. நான் பசைக் கையோட ஓடுதேன், செருப்பு இல்ல, மாராப்பு எங்கன கெடக்குன்னு தெரியல. நாந்தான் கொண்டாந்து வச்சேன், நாந்தான் வீட்டுக்குள்ள கொண்டாந்து வச்சேன்னு சொல்லிக்கிட்டே ஓடுதேன். அங்கன போனா கேட்டுல நின்னு சிரிக்காங்க. ஏதோ புது வெடிய வெட்டவெளியில வச்சு வெடிச்சுப் பாத்தாகளாம். எம் மகன் வந்து, 'ஏம்மா, ஒட்டுன கையோட ஓடியாந்து மானத்த வாங்குத, வீட்டுக்குப் போம்மா'ன்னு வையுதான். வையட்டும். வையுறதுக்கு இருந்தான்ல, அதுபோதும்."

அக்கா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"வீட்டுக்கு வந்து உக்காந்து யோசிச்சேன். கருமாதிக் கடுதாசியப் பாத்தா கிளிச்சுறணும், கிளிக்காம வீட்டுல வைக்கக் கூடாது. நாலாயிரத்தையும் கிளிச்சா கம்பெனிக்கு நட்டம். கிளிக்காம விட்டா எனக்கு நட்டம். அதான் ரெண்டு பேருக்கும் பொதுவா, மூலையில நகத்தால ஒரு கிள்ளு. ஒண்ணு விடல தாயி. ஒண்ண விட்டாலும் அது அவனுக்குன்னு ஆயிரும்ல? மூணு நாளு கிள்ளுனேன். இங்க பாரு."

பெருவிரல் நகத்தைக் காட்டினார். நகம் பாதிதான் இருந்தது. கம்பெனிக்கு நட்டம் வரக் கூடாது என்று எவ்வளவு சிறிதாக முடியுமோ அவ்வளவு சிறிதாகக் கிள்ளியதால் கூடுதல் நேரம் பிடித்ததாம். அவசரமாகக் கிள்ளியிருந்தால் ஒரே நாளில் முடிந்திருக்குமாம்.

பதினைந்தாவது நிமிடம் அக்காவே கேட்டார். "என்னைய நிப்பாட்டத்தான வந்திருக்க? மொக்கைச்சாமி சொன்னான். உங்க மாமா மேல குத்தமில்ல, அவுகளுக்கும் பொளப்பு. ஆனா ஒண்ணு சொல்லுதேன் கேட்டுக்க. லோடு நிக்காம வந்தா, தீவாளி முடிஞ்சதும் அந்த ரூமுல இருந்து வெளிய வந்துறதா எம் மகன் சத்தியம் பண்ணியிருக்கான். மொக்கைச்சாமிகிட்ட வண்டி ஓட்டிப் பளகுதேன்னான். அது பளகி முடியுற வரைக்கும் எங்கையில வேல இருக்கணும். அதுக்குத்தான் இந்த மடிப்பு மடிக்கேன், பொளுதுபோகாம இல்ல." பிறகு எனக்குக் காபி போட்டுக் கொடுத்தார். நீக்க வந்தவளுக்குக் காபி கொடுத்தால் என்ன செய்ய வேண்டும் என்று உங்கள் பன்னிரண்டு வழிகளில் இல்லை. குடித்தேன். வேனில் அவ்வளவு தடவை சொல்லிப் பார்த்த வரி வரவில்லை. "சரிக்கா" என்றேன். அக்காவும், "சரி தாயி" என்றார். எதற்குச் சரி என்று இரண்டு பேருமே கேட்டுக்கொள்ளவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் சொன்னபடி பதினேழாம் நம்பரை எடுத்துவிட்டேன். நேற்று நோட்டில் சிவப்புப் பேனாவால் அடித்து, தேதியும் போட்டுவிட்டேன். அத்துடன் என் வேலையையும் விட்டுவிடுகிறேன். இந்தக் கடிதத்தை ராஜினாமாவாக எடுத்துக்கொள்ளவும். பன்னிரண்டு வழிகளையும் நான் நடந்து பார்த்துவிட்டேன் மாமா. ஒவ்வொன்றும் ஒரு வீட்டு வாசலில் போய் முடிகிறது, அங்கே என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. ஆட்களை நடத்துவதற்கு வாய் வேண்டும். எனக்குப் பதில் நன்றாகப் பேசுகிற யாரையாவது போடுங்கள். நான் நம் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து கார்டு மடித்துக்கொள்கிறேன். தாளின் மூலையைக் கிழித்த காரணமும் இதுதான். ஒரு மேனேஜர் போய்ச் சேர்ந்த செய்தி இதில் இருக்கிறது. அது உங்கள் வீட்டில் தங்க வேண்டாம்.

மாமிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஸலாம். நோன்புக்கு இன்னும் ஒரு மாதம்கூட இல்லை, பெருநாளைக்காவது ஊருக்கு வந்தால் அம்மா சந்தோஷப்படுவார்கள். உங்கள் தொழிலில் அல்லாஹ் பரக்கத் செய்யவும், போட்டதெல்லாம் விளங்கவும், கட்டியதெல்லாம் திரும்பி வராமல் போய்ச் சேரவும் துஆ செய்கிறேன்.

இப்படிக்கு,
கீழ்ப்படிதலுள்ள மருமகள்
அப்ரின்

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போட்டு ஒட்டிய பிறகு, பசை காய்வதற்குள் பிரித்து இதை எழுதுகிறேன். பதினேழாம் நம்பரை எடுத்துவிட்டது உண்மைதான். இனி எந்த வீட்டுக்கும் அந்த நம்பர் கிடையாது. அதே தேதியில் அறுபத்திரண்டாம் நம்பர் என்று புதிதாக ஒரு வீடு சேர்த்திருக்கிறேன். எம். புதுப்பட்டி, ஒற்றை அறை, தாயும் மகனும். பெயர் அய்யம்மாள். நல்ல கைவேலை, ஒரு கார்டுகூட விடுபடாது. கல்யாணக் கார்டு மட்டும் கொடுக்க வேண்டும். முதல் லோடு நேற்றே போய்விட்டது. கருமாதிக் கார்டு இனி எந்த வீட்டுக்கும் போகாது, திரும்பி வந்த நாலாயிரத்துக்குப் பதிலாக மடிக்க வேண்டியதை ஒன்றாம் நம்பர் வீட்டில், அதாவது இங்கே, நானும் அம்மாவும் மடிக்கிறோம். "மவுத்து எளுதுனபடி வரும், கார்டப் பாத்தா வரும்?" என்று அம்மா தைரியமாகத்தான் சொன்னார்கள். ஆனால் கட்டை அவர்கள் பாய்க்குப் பக்கத்தில் வைத்தால் என் பாய்க்கும், என் பாய்க்குப் பக்கத்தில் வைத்தால் வெளியேயும் தள்ளிவிடுகிறார்கள்.

தப்பு கிள்ளிய விரலில் இல்லை மாமா, அரிசி டிரம்மில் இருந்தது. யாரையாவது எடுத்தே ஆக வேண்டும் என்றால் ஒன்றாம் நம்பரை எடுங்கள். ராஜினாமா என்று எழுதிய இடத்தைப் படிக்காமல் தாண்டிவிடவும். மூலையை மறுபடி ஒட்டிவிடலாம் என்று தேடினேன், கிழித்த துண்டு காற்றில் எங்கேயோ போய்விட்டது. ஆடி முடிந்தும் காற்று நிற்கவில்லை.

நாலு மிஸ்டு காலுக்கு அர்த்தம் வைத்து எல்லா வீட்டுக்கும் சொல்லி அனுப்பிவிட்டேன். நாலு வந்தால் நான் திருப்பிக் கூப்பிட வேண்டும், கூப்பிட்டுப் பேச வேண்டும் என்று. அறுபத்திரண்டாம் நம்பரிலிருந்து இன்று காலை வந்தது. கூப்பிட்டேன். "சும்மாதான் தாயி, எடுக்கியான்னு பாத்தேன்" என்றார் அக்கா.

இந்தக் கடிதம் கிடைத்த மறுநாள் காலை, நீங்கள் வழக்கமாகக் கூப்பிடுகிற பத்து மணிக்கு முன்னால், உங்கள் போனுக்கு நாலு மிஸ்டு கால் வரும். திருப்பிக் கூப்பிடுங்கள் மாமா, நான் எடுப்பேன். முதலில் கொஞ்ச நேரம் காற்றுச் சத்தம் மட்டும்தான் கேட்கும். வைத்துவிடாதீர்கள்.